கத்தரியா, சுண்டையா? கொல்லைத் தோட்டமும் பூச்சிக்கு ஒரு வழியும்

போன மாதம் தம்பி போன் செய்தான். துறையூர் ரோட்டில் வாங்கிப் போட்டிருந்த இடத்தில் வீடு கட்டிக் குடியும் போய்விட்டான், பின்னால் ஐந்து சென்ட் சும்மா கிடக்கிறது. "அக்கா, இனிமே காய் வாங்கக் கடைக்கே போறதில்லைன்னு முடிவு பண்ணிட்டோம். பூச்சிக்கு மட்டும் எதுன்னு சொல்லிடு. வேப்பெண்ணெயா, பஞ்சகவ்யாவா, இல்ல உரக்கடையில குடுக்குற பாட்டிலையே வாங்கிடவா?" சரி, என்ன நடப்போகிறாய் என்று கேட்டேன். அதை இன்னும் யோசிக்கவில்லையாம்.

சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் மண்ணச்சநல்லூர் வீட்டுக் கொல்லையில் நான் ஆரம்பித்ததும் இதே வரிசையில்தான். முதலில் ஸ்பிரேயர் வாங்கினேன், அப்புறம் வேப்பெண்ணெய், அதற்கும் அப்புறம்தான் விதை. அவனிடம் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே கழித்துவிடலாம். சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துச் செய்கிற பஞ்சகவ்யா பூச்சி மருந்தே கிடையாது. கொடுமுடி டாக்டர் நடராஜன் அதைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனது பயிர் ஊக்கியாகத்தான். லிட்டர் தண்ணீருக்கு 30 மி.லி. கலந்து தெளித்தால் இலை பச்சை பிடிக்கும், பூ கூடுதலாக வரும். தெம்பாக இருக்கிற செடி பூச்சியைக் கொஞ்சம் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் சாறு உறிஞ்சுகிற குட்டிப் பூச்சியான அசுவினி அப்பியிருக்கிற அவரைக் கொடியில் பஞ்சகவ்யா தெளித்துவிட்டுக் காத்திருந்தால் அசுவினிதான் கொழுக்கும்.

இப்போது கணக்கு. ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 300 கிராம் காய்கறி என்று வெகுகாலம் சொல்லிவந்தது. நாலு பேர் வீட்டுக்கு 1.2 கிலோ, வருடத்துக்கு 438 கிலோ. ஐந்து பேர் குடும்பத்துக்கு 200 சதுர மீட்டர் காய்கறித் தோட்டம் போதும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கணக்கு. அது ஏறக்குறைய ஐந்து சென்ட்தான். காகிதத்தில் தம்பியின் இடம் அளந்து வைத்தது மாதிரி பொருந்துகிறது. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பாத்தி காலியானால் உடனே அடுத்தது விதைக்கப்படுகிறது, தண்ணீர் தவறுவதில்லை, சித்திரை வெயிலில் யாரும் ஊருக்குப் போவதில்லை. அவன் வீட்டில் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். காலையில் அரைமணி நேரம், ஞாயிற்றுக்கிழமை ஒரு இரண்டு மணி நேரம், அவ்வளவுதான் கிடைக்கும். அதில் 438 கிலோவில் பாதி வந்தாலே பெரிய விஷயம். எனக்கு அந்தப் பாதி வரவே நாலு வருடம் பிடித்தது.

அந்தப் பாதி எந்தப் பாதி என்பதைத்தான் அவன் முதலில் முடிவு செய்ய வேண்டும். எந்த மருந்து என்று தேடுவதற்கு முன்னால், எந்தச் செடிக்கு மருந்தே தேவையில்லை என்று பார்க்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலை நாலு வருடக் கத்தரிக்காய்.

கத்தரியையே எடுத்துக்கொள்வோம். நம் வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள் கத்தரிக்காய், அதனால் எல்லோரும் அதைத்தான் முதலில் நடுகிறோம், பூச்சிக்கும் அதுதான் முதல் பந்தி. தண்டு காய்த் துளைப்பான் என்கிற புழு முட்டையிலிருந்து வெளியே வந்த சில மணி நேரத்திலேயே தண்டுக்குள்ளோ காய்க்குள்ளோ நுழைந்துவிடும். உள்ளே போன பிறகு நாம் வெளியே எதைத் தெளித்தாலும் அதற்கு மழை பெய்கிற மாதிரிதான். சந்தைக்குக் கத்தரி போடுகிறவர்கள் அடுத்தடுத்து மருந்து அடிப்பதற்கு இதுதான் காரணம், மரபணு மாற்றிய பி.டி. கத்தரி என்று ஒன்றைக் கொண்டுவரப் பார்த்ததும் 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதை நிறுத்தி வைத்ததும் இந்த ஒரே புழுவால்தான். வீட்டுத் தோட்டத்தில் இதற்குச் செய்யக்கூடியது, வாடித் தொங்குகிற நுனிக் குருத்தை இரண்டு அங்குலம் கீழே சேர்த்து வெட்டி, உள்ளே இருக்கிற புழுவோடு சோப்புத் தண்ணீரில் போடுவது. ஒருநாள் விட்டு ஒருநாள். பத்துச் செடி என்றால் முடியும், ஐம்பது செடி என்றால் வேலையை விட்டுவிட்டு வர வேண்டும்.

சுண்டையைப் பாருங்கள். கத்தரிக்குப் பங்காளிதான், ஆனால் நட்டு விட்டால் வருடக்கணக்கில் நிற்கும், வேரழுகலும் வேர்முடிச்சுப் புழுவும் அதை லேசில் அசைக்காது. அதனால்தான் இப்போது சுண்டை வேரில் கத்தரியை ஒட்டுக் கட்டிய நாற்றுகள் விற்கிறார்கள். (இந்த ஒட்டு நாற்றை வாங்கிவிட்டால் புழுவே வராது என்று ஒருவர் என்னிடம் அடித்துச் சொன்னார். ஒட்டு காப்பாற்றுவது வேரைத்தான். மேலே இருப்பது கத்தரி, துளைப்பானுக்கு அது போதும்.) என் கொல்லையில் இரண்டு சுண்டைச் செடி இருக்கிறது. வருடம் முழுக்கக் குழம்புக்கு உண்டு, மிச்சம் மோரில் ஊறி வற்றலாகிறது. ஒருநாளும் எதையும் தெளித்ததில்லை. ஆனால் சுண்டைக்காய் கத்தரிக்காய் ஆகுமா என்றால் ஆகாது. எண்ணெய்க் கத்தரிக்காயை நினைத்துக்கொண்டு சுண்டைக்காய்ப் புளிக்குழம்பு சாப்பிடுகிற வருத்தம் உண்டுதான். அதனால் நான் ஆறே ஆறு கத்தரி நடுகிறேன், பாதிக் காய் புழுவுக்கு என்று தெரிந்தே.

வெண்டையும் கொத்தவரையும் இன்னொரு ஜோடி. வெண்டையில் இலை நரம்பு மஞ்சளாகி வலை மாதிரி ஆகுமே, அந்தத் தேமல் நோயை வெள்ளை ஈ பரப்புகிறது. வந்துவிட்டால் மருந்து கிடையாது, பிடுங்கிப் போடுவதுதான் வைத்தியம். கத்தரியில் இலையெல்லாம் குட்டிக் குட்டியாகச் செண்டு கட்டினாற்போல ஆகிற சிற்றிலை நோயும் அப்படித்தான். போட்டோவை அனுப்பி என்ன தெளிக்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு, பிடுங்குங்கள் என்று பதில் சொன்னால் கோபம் வருகிறது. வெண்டைக்குத் தாக்குப்பிடிக்கிற ரகம் தேடி விதை வாங்க வேண்டும், போன செடியின் விதை என்று அக்கம்பக்கத்தில் கொடுப்பதை நம்பினால் அதிர்ஷ்டம்தான். கொத்தவரைக்கு இந்தத் தலைவலி மிகக் குறைவு, தண்ணீர் ஒரு வாரம் தவறினாலும் நிற்கும். ஆனால் என் பையன் அதைத் தொட மாட்டான். சாப்பிடாத காயைப் பூச்சி வராமல் வளர்த்து என்ன பண்ணுவது, அதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

முட்டைக்கோசும் காலிஃபிளவரும் வேண்டவே வேண்டாம். வைர முதுகு அந்துப்பூச்சி என்று ஒன்று, எந்த மருந்தை அடித்தாலும் சில வருடங்களில் அதற்குப் பழகிக்கொள்வதில் உலகம் முழுக்கப் பேர்போனது. பெரிய பண்ணைகளுக்கே தண்ணி காட்டுவதோடு நாம் எதற்கு மல்லுக்கட்ட வேண்டும்.

மறுபக்கம் பார்த்தால், நட்டுவிட்டு மறந்துவிடக்கூடிய பட்டியல் நாம் நினைப்பதைவிட நீளம். முருங்கை, கோவைக்காய், தவசிக்கீரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி, தூதுவளை, பிரண்டை, சேனை, சேம்பு, வாழை, கறிவேப்பிலை. இதில் முருங்கைக்குக் கம்பளிப்புழு வரும், கும்பலாக அடிமரத்தில் அப்பிக்கொண்டு பார்க்கவே உடம்பு கூசும்; ஆனால் கும்பலாக ஒரே இடத்தில் இருப்பதாலேயே நீளக் குச்சியில் துணிப்பந்தம் கட்டி ஒரே ராத்திரியில் முடித்துவிடலாம். தண்டுக்கீரை, அரைக்கீரை, முள்ளங்கி எல்லாம் வேறு வகையில் தப்பிக்கின்றன. பூச்சி குடும்பம் பெருக்கி முடிப்பதற்குள் நாம் பறித்துவிடுகிறோம், கீரைக்கு 25, 30 நாள்தான் ஆயுள்.

தக்காளிக்கு மட்டும் மாற்றே கிடையாது. புளிச்சகீரை, புளி, மாங்காய் என்று எதைச் சொன்னாலும் ரசத்துக்குத் தக்காளிதான் வேண்டும் என்பார்கள். நடுங்கள், பாதி நாள் கடையில் வாங்குங்கள்.

இதெல்லாம் சொல்லிவிட்டு அப்புறம்தான் தம்பியின் பாட்டில் கேள்விக்கு வந்தேன்.

வேம்பு என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொன்னாலும் அது மூன்று பொருள். செக்கில் ஆட்டிய வேப்பெண்ணெய் ஒன்று, வீட்டில் இடித்து ஊற வைக்கிற வேப்பங்கொட்டைக் கரைசல் ஒன்று, அசாடிராக்டின் (வேம்பின் சத்து) என்று லேபிளில் போட்டு 300, 1500, 10000 பி.பி.எம். என்று அளவு குறித்து விற்கிற கடைச் சரக்கு ஒன்று. மூன்றுமே பூச்சியைத் தொட்டவுடன் கொல்வதில்லை. முக்கியமாகத் தின்ன விடாமல் செய்கின்றன, தோலுரித்து வளர விடாமல் செய்கின்றன. அதனால் இன்று தெளித்துவிட்டு நாளைக் காலையில் போய்ப் பார்த்தால் பூச்சி அங்கேயேதான் உட்கார்ந்திருக்கும், "வேப்பெண்ணெய் வேலை செய்யலை" என்று சொல்லிவிட்டு ஆள் உரக்கடைக்குப் போய்விடுவார். ஒரு வாரம் பொறுத்து மறுபடி தெளிக்க வேண்டும், அதற்கு ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. இன்னொன்று, வெயில் பட்டால் வேம்பின் சத்து சிதைந்துவிடும். திருச்சி வெயிலில் பகல் பதினோரு மணிக்குத் தெளிப்பது காசைக் கரைப்பது, போதாக்குறைக்கு எண்ணெய் இலையையும் கருக்கும். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல், இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி அடிக்க வேண்டும். பூச்சி உட்காருவது அடியில்தான், நாம் தெளிப்பதெல்லாம் மேலே.

மூன்றில் எது? வேப்பெண்ணெய் எப்போதும் கிடைக்கும், ஆனால் தண்ணீரோடு சேராது. முதலில் எண்ணெயைக் காதி சோப்புக் கரைசலில் ஊற்றிப் பால் மாதிரி ஆகும்வரை அடித்துவிட்டுப் பிறகு தண்ணீர் சேர்க்க வேண்டும், கலந்ததை அன்றைக்கே தீர்க்க வேண்டும். நான் லிட்டருக்கு 5 மி.லி.யில் ஆரம்பித்து 10-ஐத் தாண்டுவதில்லை. வயலுக்கு 30 வரை சொல்கிறார்கள், என் மிளகாய்ச் செடி அதைத் தாங்கவில்லை. எண்ணெய்ப்பசை அடைத்து மூச்சுமுட்டிச் சாகிற அசுவினி, மாவுப்பூச்சிக் குஞ்சு இவற்றுக்கு இது போதும். இலை தின்னும் புழுவுக்குக் கொட்டைக் கரைசல்தான் மேல் என்பது என் அனுபவம். லிட்டருக்கு 50 கிராம் பருப்பு, இடித்துத் துணியில் கட்டி ராத்திரி ஊற வைத்து, காலையில் பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் சோப்பு சேர்த்து அன்று சாயங்காலம் தெளிப்பது. செலவு சுத்தமாக இல்லை, வேலைதான் அதிகம். ஆனியிலும் ஆடியிலும் மரத்தடியில் பொறுக்கி, தோல் நீக்கி, நிழலில் காய வைக்க வேண்டும். மூன்று மாதமாவது ஆன கொட்டையாக இருக்க வேண்டும், எட்டுப் பத்து மாதத்துக்கு மேல் போனால் சத்து இறங்கிவிடும். மரம் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இது நல்ல வழி. தம்பிக்கு மரமும் இல்லை, பொறுமையும் இல்லை, அவன் 1500 பி.பி.எம். சின்ன பாட்டில் ஒன்று வாங்கிக்கொள்ளட்டும். தயாரித்த தேதி பார்த்து வாங்க வேண்டும்.

இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் அரைத்துத் தெளிக்கிறது உண்டு. விரட்டும், கொல்லாது. அம்மியிலோ மிக்ஸியிலோ அரைத்து வடிகட்டி முடிப்பதற்குள் கை இரண்டு நாளைக்கு எரியும், மழை வந்தால் போச்சு. ஒவ்வொரு தடவையும் காரம் ஒவ்வொரு மாதிரி இருப்பதால் போன முறை கேட்டது இந்த முறை கேட்காது. அவசரத்துக்குச் சரி, அதையே நம்பி இருக்க முடியாது. அக்னி அஸ்திரம் என்று, இயற்கை விவசாயம் சொல்லிக்கொடுக்கிற சுபாஷ் பாலேக்கர் வழியில் செய்கிறவர்கள் கோமியத்தில் வேப்பிலை, மிளகாய், பூண்டோடு புகையிலையும் போட்டுக் காய்ச்சுவார்கள். அது வேகமாகவே வேலை செய்யும், ஆனால் எனக்கு அதில் ஒரு தயக்கம் இருக்கிறது. புகையிலையில் இருக்கிற நிகோட்டின் மனிதருக்கும் விஷம், நல்ல பூச்சிக்கும் விஷம். செடியிலிருந்து வந்தது என்பதால் மட்டும் ஒன்று சாது ஆகிவிடாது. வயலில் செய்யட்டும், நாளைக்குக் காலையில் பறிக்கப்போகிற கீரைப் பாத்திக்குப் பக்கத்தில் எனக்கு வேண்டாம்.

அடுத்து உயிர் மருந்துகள், பொடியாகவும் திரவமாகவும் விற்பவை. பியூவேரியா, வெர்டிசீலியம் இரண்டும் பூச்சிமேல் வளர்கிற பூஞ்சணம், ஈரக்காற்று இருந்தால்தான் வேலை செய்யும். ஐப்பசி கார்த்திகையில் வெள்ளை ஈக்கு வெர்டிசீலியம் தெளித்து நல்ல பலன் பார்த்திருக்கிறேன், அதே பொடியைப் பங்குனியில் தெளித்து ஒன்றும் நடக்கவில்லை. பி.டி. என்கிற பாக்டீரியா புழுவுக்கு மட்டும், அதுவும் புழு தின்றால்தான், அதுவும் சின்னப் புழுவாக இருந்தால்தான். டிரைக்கோடெர்மாவும் சூடோமோனாஸும் பூச்சிக்கானவை அல்ல, வேரழுகலுக்கு. தொழுவுரத்தோடு கலந்து நடும்போதே மண்ணில் போட்டுவிட வேண்டியவை. இவற்றில் நான் விடாமல் வாங்குவது இந்தக் கடைசி இரண்டைத்தான்.

தெளிக்காத வழிகள் இருக்கின்றனவே, அவைதான் ஐந்து சென்ட் தோட்டத்துக்கு உண்மையான ஆயுதம். இரண்டு ஏக்கர்காரரால் பாகற்காய் ஒவ்வொன்றுக்கும் காகிதப் பை கட்ட முடியாது, நம்மால் முடியும். பாகல், புடல், பீர்க்கு மூன்றிலும் பழ ஈ பிஞ்சிலேயே முட்டை வைத்துவிடுகிறது, உள்ளே புழு நெளிகிற காய் ஒரு பக்கம் கோணி மஞ்சளாகி விழும். பூ உதிர்ந்து பிஞ்சு சுண்டு விரல் நீளம் ஆனதும் பழைய செய்தித்தாளில் குழாய் சுருட்டிப் போட்டுவிட்டால் முடிந்தது. ஆண் ஈயை வாசனை காட்டி இழுக்கிற இனக்கவர்ச்சிப் பொறியும் வைக்கலாம், ஆனால் வாங்கும்போது பயிரைச் சொல்லி வாங்க வேண்டும்: பாகல் வகைக்குக் கியூலூர், மாம்பழ ஈக்கு மீத்தைல் யூஜினால். மாற்றி வாங்கி ஒரு சீசன் முழுக்க மாம்பழ ஈயை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன், எங்கள் வீட்டில் மாமரமே கிடையாது. விழுந்த காயை அங்கேயே விட்டால் புழு மண்ணுக்குள் போய் அடுத்த தலைமுறையாக வெளியே வரும், பொறுக்கிப் பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போட்டுவிடுங்கள்.

மஞ்சள் அட்டை வெள்ளை ஈக்கு. கடையில் ஒட்டும் அட்டை கிடைக்கிறது, பழைய மஞ்சள் டப்பாவில் விளக்கெண்ணெய் தடவினாலும் அதே வேலைதான். தென்னை வைத்திருக்கிறவர்களுக்கு இது கூடுதலாகப் பயன்படும். 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தெரியவந்த ரூகோஸ் வெள்ளை ஈக்குப் பூச்சிமருந்து அடிக்காதீர்கள், என்கார்சியா என்கிற குட்டிக் குளவி அதைப் பார்த்துக்கொள்ளும் என்றுதான் வேளாண் துறையினரே சொன்னார்கள். ஓலையில் கருப்பாகப் படிகிற பூஞ்சணத்துக்கு மைதா மாவுக் கஞ்சி தெளிக்கச் சொன்னதைக் கேட்டு எங்கள் தெருவில் எல்லோரும் சிரித்தார்கள். கஞ்சி காய்ந்து அப்பளம் மாதிரி உரிந்து விழும்போது கரியும் சேர்ந்து வந்தது, சிரிப்பு நின்றது.

மிச்சம் மூன்று சாமான், காசு பெறாதவை. தண்ணீர்க் குழாயை விரலால் அழுத்திப் பிடித்து இலைக்கு அடியில் பீய்ச்சுவது. செம்பேன் என்கிற சிவப்புச் சிலந்திக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை, அது வறண்ட வெயிலில்தான் பெருகும். வரப்பில் நாலு ஆமணக்கு. இலை தின்னும் அந்து அங்கேதான் குவியலாக முட்டை வைக்கும், இலையோடு கிள்ளி எறியலாம். நடுவே துலுக்கச் சாமந்தி; அதன் வேர் மண்ணில் இருக்கிற வேர்முடிச்சுப் புழுவை மட்டுப்படுத்தும், பூ சாமிக்கு.

எறும்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அசுவினியையும் மாவுப்பூச்சியையும் எறும்பு மாடு மேய்க்கிற மாதிரி மேய்க்கிறது. அவை கழிக்கிற தேன் போன்ற திரவம் எறும்புக்கு வேண்டும், அதற்காக அவற்றைத் தின்ன வருகிற பொறிவண்டைக் கடித்து விரட்டும், ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குத் தூக்கிக்கொண்டும் போகும். தண்டில் எறும்பு வரிசை ஏறுகிறது என்றால் மேலே எங்கோ கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். அடித்தண்டைச் சுற்றித் துணி கட்டி அதில் விளக்கெண்ணெய் தடவி எறும்பை நிறுத்தினால், பாதி மாவுப்பூச்சியைப் பொறிவண்டே முடித்துவிடுகிறது.

மாவுப்பூச்சியில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது வருடம் செம்பருத்தி முழுக்க வெள்ளை. அதில் சில பெரிதாக, உடம்பெல்லாம் வெள்ளை நூல் தொங்க, மற்றவற்றைவிடக் கொழுத்துக் கிடந்தன. இவைதான் தாய் போலிருக்கிறது என்று தேடித் தேடி நசுக்கினேன். வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சிக்குப் போனபோது அங்கே கண்ணாடிப் பெட்டியில் அதே ஜந்துவை அருமையாக வளர்த்து வைத்திருக்கிறார்கள். அது கிரிப்டோலேமஸ் என்கிற பொறிவண்டின் புழு. ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-இல் காபித் தோட்டச் செதில் பூச்சிக்காக நம் நாட்டுக்குக் கொண்டுவந்தது, மாவுப்பூச்சியைத் தின்றே வாழ்கிறது, மாவுப்பூச்சி மாதிரியே வேடம் போட்டிருக்கிறது. ஒரு மாதமாக நான் என் காவல்காரர்களைக் கொன்றுகொண்டிருந்தேன்.

இந்தக் காவல்காரர்களின் பலம் என்ன என்று பார்க்க ஒரு பெரிய கணக்கே இருக்கிறது. 2008-இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, பருத்தி என்று கண்டதிலெல்லாம் ஏறியது. மருந்து அடித்தபோதெல்லாம் அடங்கிவிட்டு மறுபடி வந்தது. 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அசிரோபேகஸ் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள், அதற்குப் பிறகுதான் பப்பாளிக்காரர்கள் மூச்சு விட்டார்கள். அந்தக் குளவி இருக்கிற தோட்டத்தில் வீரியமான மருந்தை அடித்தால் முதலில் சாவது குளவி. மாவுப்பூச்சிக்கு மேலே மெழுகுப் போர்வை இருக்கிறது.

கடைசியாக உரக்கடைப் பாட்டில். நான் முழு வைராக்கியக்காரி இல்லை, நாலு ஏக்கர் மிளகாய் போட்டுக் கடன் வாங்கியிருக்கிறவரிடம் போய் மருந்தடிக்காதே என்று உபதேசம் பண்ண மாட்டேன். ஆனால் வீட்டுத் தோட்டத்துக்கு அது பொருந்தாது என்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. ஒவ்வொரு மருந்துக்கும் தெளித்த பிறகு இத்தனை நாள் பறிக்கக் கூடாது என்று ஒரு கெடு உண்டு. வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கிறோம், விட்டால் முற்றிவிடும். கத்தரிக்கு அடித்தது காற்றில் பக்கத்துப் பாத்திக் கீரையில் படுகிறது, கீரைக்கு என்ன கெடு என்று யாருக்குத் தெரியும். கெடுவை மதிக்கவே முடியாத இடத்தில் அந்த மருந்துக்கு என்ன வேலை? வேர் வழியாகவும் இலை வழியாகவும் உள்ளே ஏறுகிற ஊடுருவும் மருந்தாக இருந்தால் காயைக் கழுவினாலும் போகாது.

அதைவிட எனக்குப் பயம், பாட்டில் வீட்டில் இருப்பதே. லேபிளில் இருக்கிற சாய்சதுரத்தில் சிவப்பு என்றால் கடும் விஷம், அடுத்து மஞ்சள், அப்புறம் நீலம், பச்சை. ஆரம்பத்தில் ஒரு கடையில் கத்தரிப் புழு என்று சொன்னதும் தண்ணீர் பாட்டிலில் பாதி ஊற்றிக் கொடுத்தார்கள், லேபிளே இல்லை, மூடி போட்டு இருபது மி.லி. என்று வாயால் சொன்னதுதான் அளவு. மோனோகுரோட்டோபாஸ் என்கிற கடும் விஷப் பூச்சிமருந்தைக் காய்கறிக்குப் பயன்படுத்தவே தடை இருக்கிறது. அந்தப் பாட்டிலில் இருந்தது என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பீகாரில் சாரண் மாவட்டத்தில் 2013 ஜூலையில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் செத்துப்போனார்கள், சமையல் எண்ணெயில் அந்த மோனோகுரோட்டோபாஸ்தான் கலந்திருந்தது. அந்தச் செய்தி நினைவுக்கு வந்த அன்றைக்குப் பரணில் இருந்த பாட்டிலை இறக்கினேன்.

ஆக, தம்பிக்கு நான் சொன்னது இவ்வளவுதான். ஐந்து சென்ட்டில் இரண்டரை சென்ட் நட்டுவிட்டு மறக்கிற கூட்டத்துக்கு, அதை ஆடி மழைக்கு முன்னால் நட்டுவிடு. ஒரு சென்ட் கீரையும் முள்ளங்கியும், மாறி மாறி. ஒரு சென்ட் பாகல், புடல், அவரைப் பந்தல், காகிதமும் கியூலூரும் தயாராக இருக்கட்டும். மிச்சம் இருக்கிற அரை சென்ட்டில் கத்தரி, வெண்டை, தக்காளி என்று ஆசைக்கு நட்டுக்கொள், பூச்சியோடு நீ போடுகிற சண்டையெல்லாம் அங்கேயே முடியட்டும். வாங்க வேண்டியது டிரைக்கோடெர்மா ஒரு கிலோ, வேம்பு பாட்டில் ஒன்று, காதி சோப்பு, மஞ்சள் அட்டை. ஸ்பிரேயர் ஒரு லிட்டர் கைப்பம்பு போதும். பெரியது இருந்தால் கை சும்மா இருக்காது. நாளெல்லாம் வீட்டில் ஆள் இருந்து, வேப்பமரமும் இருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன், கத்தரியைக் கூட்டியிருப்பேன். மாடியில் தொட்டிதான் என்றால் பந்தலும் சேனையும் ஒத்துவராது, அங்கே கீரையும் பூச்சி நுழையாத வலையும்தான்.

நேற்று வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. இன்னும் பாத்திகூடக் கட்டவில்லை, முன்வாசல் செம்பருத்தியில் வெள்ளையாக நாலைந்து. "அக்கா, பாட்டில் வாங்கிட்டேன், எவ்வளவு கலக்கணும்?" படத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. விரலால் மெதுவாகத் தட்டி வீடியோ எடுத்து அனுப்பு, மாவுப்பூச்சி என்றால் அசைய யோசிக்கும், அந்த நூல் தொங்குகிற கொழுத்தது நடக்கிறதா என்று பார் என்றேன். பத்து நிமிடத்தில் வீடியோ வந்தது. ஒன்று மட்டும் விறுவிறுவென்று நடந்து இலைக்கு அடியில் போய் ஒளிந்தது.

பாட்டிலை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டேன்.